கிணற்றுச் சேற்றில் உன் பங்கு

புத்தூர் கிழக்கு
13.12.2024

அன்புள்ள தம்பி சிவகரனுக்கு,

அண்ணன் மார்க்கண்டு எழுதுவது. உறையில் என் பெயரைக் கண்டதுமே கிழித்துப் போடத்தான் உனக்குக் கை வந்திருக்கும். ஆறு வருடமாக ஒரு சொல் கதைக்காதவன் இப்போது என்னத்தை எழுதிக் கிழிக்கப் போகிறான் என்று நினைத்திருப்பாய். கிழிக்காமல் வைத்திருந்தால் ஆறுதலாக வாசி. கட்டாரில் நீ உடம்புக்கு ஒரு குறைவுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தோட்டத்து வைரவரிடம் கேட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். அவரிடம் போய் எதையும் கேட்கிற முகம் எனக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

விலாசம் தந்தது தாரிகா. போன சனிக்கிழமை வாழைக்குலை கொண்டு கொடிகாமம் சந்தைக்குப் போனபோது உன் மனைவி கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றாள். முன்பு அவளும் உன்னைப் போல என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவாள். அன்று ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. உன் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டேன். "போன் எடுத்தால் உங்கடை குரல் கேட்டதும் வைச்சிடுவார். சொல்ல இருக்கிறதைக் கடிதமா எழுதுங்கோ" என்று சொல்லி, பிள்ளையின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதித் தந்தாள். தரும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கத்தரிக்காயைத்தான் பார்த்தாள்.

இங்கே கார்த்திகை மழை இந்த முறை கொஞ்சம் கூடிப்போனது. கடல்நீரேரிப் பக்கத்து வயல்கள் இன்னும் தண்ணீருக்குள் கிடக்கின்றன. உன் அண்ணி குணலட்சுமிக்கு முழங்கால் வீங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறா. வாய் மட்டும் வழக்கம்போலச் சுகம். கோபிகா கலியாணம் முடித்துப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான் என்பதால் அந்த வாய்க்கு நான் ஒருவனே கிடைத்திருக்கிறேன்.

நம் கிணறு நிரம்பி, குனிந்தால் கை நனைகிற அளவுக்கு வந்திருக்கிறது. இப்போது அதன் சுற்றுக்கட்டில் இருந்துதான் எழுதுகிறேன். இன்று வெள்ளிக்கிழமை. செவ்வாயும் வெள்ளியும் கிணற்றில் உன் முறை. நீ போன பிறகும் அந்த நாட்களில் நான் மெஷின் பூட்டி இறைத்ததில்லை. உன் தண்ணீரில் ஒரு சொட்டும் எனக்கு வேண்டாம் என்ற கோபம்தான், வேறு நல்ல எண்ணம் என்று எடுத்துக்கொள்ளாதே. ஆகவே கிழமையில் இரண்டு நாள் வேலையற்றுப் போய் இந்தக் கட்டில் இருந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முகில் ஒன்று ஒரு பக்கத்தால் உள்ளே வந்து மற்றப் பக்கத்தால் போகும். அடியில் அம்மா கை தவறவிட்ட பித்தளைச் செம்பு சரிந்து கிடக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால், கிணறு கீழே இருக்கிறதா, நான் கீழே இருக்கிறேனா என்று ஒரு மயக்கம் வரும். அப்படியே கண் செருகிவிடும். பகல் நித்திரைக்காரன் என்று நீ பகிடி பண்ணுவாயே, அது இன்னும் மாறவில்லை.

சரி, வந்த விஷயத்துக்கு வருகிறேன். உன் தோட்டத் தறைக்கும் என் தறைக்கும் நடுவில் உள்ள கிளுவை வேலியோரம் என் நாலு பாத்தி வெங்காயம் 2019 தையில் மஞ்சளடித்துக் கருகியது. வேலிக்கு அந்தப் பக்கம் உன் வெங்காயம் கரும்பச்சையாக நின்றது. அதற்கு முதல் கிழமை நீ களைநாசினித் தாங்கியை முதுகில் கொழுவிக்கொண்டு வேலியோரம் நடந்ததை என் கண்ணால் கண்டேன். பொறாமையில் என் பாத்திக்கு அடித்துவிட்டாய் என்று சங்கக்கடை வாசலில் நின்று சொன்னேன். நீ இல்லை என்றாய். அப்படியென்றால் வைரவருக்கு முன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய் என்றேன். கனகரத்தினம் ஐயா பூசையை நிறுத்திவிட்டு, "ஒரு தாய் வயித்துப் பிள்ளையள், இதுக்கு இஞ்சை வரக்கூடாது மார்க்கண்டு" என்று மறித்தார். நான் கேட்கவில்லை. நீ எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அணைத்தாய். அடுத்த கிழமையே தாரிகாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கொடிகாமத்துக்குப் போய்விட்டாய், பிறகு அங்கிருந்து கட்டாருக்கு. அடுத்த வருடமும் அந்த நாலு பாத்தியும் கருகியது. சாமியையே ஏமாற்றிவிட்டான் என்று அதற்கும் உன்னைத்தான் சொன்னேன்.

கண்டதைத்தானே சொன்னேன் என்று இத்தனை நாளும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். இந்தக் கிழமை அதில் ஒரு கல் பெயர்ந்துவிட்டது.

புதிதாக ஒரு விவசாயப் போதனாசிரியை வந்திருக்கிறா. நிவேதனா என்று பெயர், நம் கோபிகாவின் வயதுதான் இருக்கும். வேலியோரத்து மொட்டைப் பாத்திகளைக் கண்டுவிட்டு இது என்ன என்று கேட்டா. அது தம்பி போட்ட நஞ்சு, உங்களுக்குத் தேவையில்லாத கதை என்று பாய்ந்தேன். பிள்ளை பயப்படவில்லை. சப்பாத்தோடு பாத்திக்குள் இறங்கி, அரை உயிரோடு நின்ற ஒரு வெங்காயத்தைக் கெல்லி எடுத்து, மண்ணைக் கழுவி என் கையில் வைத்தா. "ஐயா, வேரைப் பாருங்கோ" என்றா.

வேர் இருந்தது. ஆனால் ஒவ்வொன்றும் அரை விரல்கூட நீளவில்லை. நுனி எல்லாம் தடித்து, கறுத்து, யாரோ நெருப்புக்குச்சியால் சுட்டுவிட்டதுபோல இருந்தன. "களைநாசினி பட்டால் தாள் கருகும். ஆறு வருசத்துக்குப் பிறகும் வேர் நுனி இப்பிடி மொட்டையாகாது. உது மண்ணிலை உள்ள பிழை" என்றா. ஆறு வருடம் தாளைப் பார்த்துப் பார்த்துக் கோபப்பட்டேன் தம்பி. ஒரு நாளாவது ஒன்றைப் பிடுங்கி அடியைப் பார்க்கவில்லை. வெங்காயம் செய்கிறவன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

அன்று மத்தியானம் கிணற்றுக்கட்டில் சாய்ந்தபோது ஒரு கனவு. நான் சின்ன உருவமாகி மண்ணுக்குக் கீழே நடந்துகொண்டிருக்கிறேன். மேலே கூரை முழுக்க வெங்காய வேர்கள் வெள்ளை வெளேரென்று தொங்குகின்றன. தலையில் பட்டுக் குளிர்ச்சியாக இருக்கிறது. நடக்க நடக்க வேலியோரம் வருகிறது. அங்கே வேர்கள் சின்னப் பிள்ளைகள் கையைப் பொத்திக்கொள்வதுபோலச் சுருண்டு கிடக்கின்றன. திறந்து காட்டு என்று ஒன்றிடம் கேட்கிறேன். "சத்தியம் செய்தால்தான் திறப்பன்" என்கிறது. அதோடு விழித்துவிட்டேன்.

நான் இன்னும் எதையும் ஒத்துக்கொண்டுவிடவில்லை. பிள்ளை மண் எடுத்துக்கொண்டு போயிருக்கிறா. முடிவு வரட்டும். வரும்வரை உன்னிடம் ஒன்றும் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

அங்கே இப்போது குளிராம் என்று பேப்பரில் பார்த்தேன். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

உன் கோபக்கார அண்ணன்,
மார்க்கண்டு

புத்தூர் கிழக்கு
24.01.2025

அன்புள்ள தம்பிக்கு,

தைப்பொங்கல் முடிந்து பத்து நாளாகிறது. உன் அண்ணி பொங்கலில் ஒரு பிடி எடுத்து உன் தறைப் பக்கம் வேலிக்கு மேலால் வைத்தா. ஒவ்வொரு வருடமும் வைக்கிறாவாம். எனக்கு இந்த வருடம்தான் தெரியும். காகம் சாப்பிட்டது.

நீ பதில் போடவில்லை. போடமாட்டாய் என்று தெரிந்துதான் எழுதினேன். இந்தக் கடிதத்துக்கும் பதில் வேண்டாம். ஆனால் இதை மட்டும் தயவுசெய்து கடைசிவரை வாசி.

நிவேதனா மூன்று பழைய பெயின்ற் வாளிகளைக் கொண்டுவரச் சொன்னா. ஒன்றில் வேலியோரத்து மண். இன்னொன்றில் அதே மண்ணோடு ஜிப்சமும் மாட்டெருவும். மூன்றாவதில் நல்ல மண் வேண்டும், வேலிக்கு அந்தப் பக்கத்தில் எடுங்கோ என்றா. அங்கே நான் போறதில்லை என்றேன். "மண்ணிட்டைக் கேட்டால் அது கோவிக்காது ஐயா" என்றா. வேலியில் உள்ள கடப்பைத் திறந்து உன் தறைக்குள் ஆறு வருடத்துக்குப் பிறகு கால் வைத்தேன். கணுக்கால் அளவுக்குப் புல். தானாக முளைத்த பூசணி ஒன்று தறை முழுக்கப் படர்ந்து மஞ்சள் பூவாகக் கிடந்தது. பனி இன்னும் விலகாத நேரம். வண்டுகள் பூவுக்குப் பூ சத்தமில்லாமல் போய்வந்தன. யாருமில்லாத வீட்டில் யாரோ விளக்கு வைத்துவிட்டுப் போனமாதிரி இருந்தது. மண்ணை அள்ள வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பிறகு பிள்ளை கூப்பிட்டுத்தான் திரும்பினேன்.

மூன்று வாளியிலும் விதை வெங்காயம் ஊன்றினோம். இரண்டு கிழமை கழித்துக் கவிழ்த்துப் பார்த்தோம். உன் மண்ணில் வேர் வாளியின் அடியைத் தொட்டிருந்தது. என் மண்ணில் அதே சுட்ட நுனி. ஜிப்சமும் எருவும் கலந்ததில் வேர் பாதி தூரம் இறங்கியிருந்தது. ஆய்வுகூடத்து முடிவும் அதே நேரம் வந்தது.

அந்தப் பிள்ளை சொன்னதை எனக்கு விளங்கின மாதிரிச் சொல்கிறேன். மண்ணில் எங்கும் அலுமினியம் இருக்கிறதாம். நான் எங்கள் சோற்றுப் பானையை நினைத்துக்கொண்டு, பானை எப்படி மண்ணுக்குள் வந்தது என்று கேட்டேன். உன் அண்ணி சிரித்த சிரிப்பு சந்தி வரைக்கும் கேட்டிருக்கும். பானையாக இல்லையாம், களியோடு களியாகக் கட்டுப்பட்டுத் தூங்கிக்கொண்டிருக்குமாம். "மண் அமிலமாகிப் புளிச்சால் அது கழண்டு வந்து வேரைச் சுடும் எண்டது படிச்ச எல்லாருக்கும் தெரியும் ஐயா. எங்கடை மண் சுண்ணாம்பு மண், புளிக்காது, அதாலை இஞ்சை ஒருதரும் அதைப் பற்றி யோசிக்கிறேல்லை. ஆனால் காரம் அளவுக்கு மிஞ்சினாலும் அது கழரும். உங்கடை பாத்தியிலை காரம், பிஎச் அளவு, ஒன்பதரை" என்றா. ஏழு, எட்டு என்றால் பயமில்லையாம். ஒன்பதைத் தாண்டினால் தூங்கினது எழும்பிவிடுமாம்.

அவ்வளவு காரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டா. அந்த நாலு பாத்திக்கும் என்னென்ன போட்டீர்கள், ஒன்றும் விடாமல் சொல்லுங்கோ என்றா. சொன்னேன். அழுகல் வராமல் இருக்கச் சுண்ணாம்புச் சூளைச் சாம்பல். வெங்காயம் கருகின பிறகு நீ போட்ட நஞ்சை முறிக்க இன்னும் சூளைச் சாம்பல். அடுத்த வருடமும் முறியவில்லை என்று இன்னும் ஒரு உழவு இயந்திரப் பெட்டி. இல்லாத நஞ்சை முறிக்கிறேன் என்று இருக்கிற நஞ்சுக்குத் தீனி போட்டிருக்கிறேன். ஏற்கெனவே நம் கிணற்றுத் தண்ணீரில் உள்ள உவரும் சேர்ந்துகொண்டதாம்.

ஆனாலும் அலுமினியம் வழமையைவிட அதிகமாக இருக்கிறது, வேறு ஏதாவது போட்டீர்களா என்று மறுபடியும் கேட்டா. இல்லை என்றேன். தேத்தண்ணீர் கொண்டுவந்த குணலட்சுமி, "இஞ்சாருங்கோ, சீனக்காரத்தைச் சொல்லேல்லையே" என்றா. அது கிணற்றுக்குப் போடுறது, மண்ணுக்கில்லை என்று நான் சத்தம் போட்டேன். சத்தம் போட்டபடியே கிணற்றைத் திரும்பிப் பார்த்தேன்.

உனக்குத் தெரியும், எனக்குக் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடிபோல இருக்க வேண்டும். செம்பு தெரியாவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. சீனக்காரம் என்கிற படிகாரக் கட்டியைச் சீலையில் முடிந்து கயிற்றில் தொங்கவிட்டுச் சுழற்றுவேன். மறுநாள் கலங்கல் எல்லாம் அடியில் போய்ப் படிந்துவிடும். எத்தனை வருடம், எத்தனை கட்டி என்று கணக்கில்லை. படிகாரம் என்பதே அலுமினியத்தின் உப்புத்தானாம் தம்பி. அது கலங்கலைப் பிடித்துக்கொண்டு அடியில் போய்ச் சேறாகத்தான் கிடக்குமாம்.

இப்போது 2018 ஆவணியை நினைத்துப் பார். கிணற்றை வற்ற இறைத்துச் சேறு எடுத்தோம். நீ உள்ளே, நான் மேலே கயிற்றோடு. முதல் வாளியை நிரப்பிவிட்டு, "அண்ணை, உது சேறு மாதிரி இல்லை, தயிர் மாதிரிக் கிடக்கு" என்று அடியிலிருந்து கத்தினாய். வெளிறி, வழுவழுவென்று இருந்தது. நல்ல கொழுத்த சேறு, வெங்காயத்துக்கு இதைவிட எரு இல்லை என்று நான் மேலிருந்து கத்தினேன். இரண்டு பேரும் சிரித்தோம். அம்மாவின் செம்பைத் தூக்கி வரவா என்று கேட்டுவிட்டு, நீயே "வேண்டாம், அண்ணை பாக்கிறதுக்குக் கிடக்கட்டும்" என்று கழுவிப் பழைய இடத்திலேயே வைத்தாய்.

கிணற்றுச் சேற்றில் பாதி எனக்கு, பாதி உனக்கு. அப்பா காலத்திலிருந்து அதுதான் முறை. ஏறி வந்து கால் கழுவிக்கொண்டு நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "கோபிகாவின்ரை கலியாண வருசம். உங்கடை வெங்காயம் நல்லா வரட்டும். என்ரை பங்கையும் நீங்களே போடுங்கோ அண்ணை" என்றாய். நானும் சந்தோஷமாக, கிணற்றுக்குக் கிட்ட இருந்த அந்த நாலு பாத்திக்கும் முழுச் சேற்றையும் வெட்டிப் பரப்பினேன்.

உன் பங்கை நீ எடுத்திருந்தால் உன் வெங்காயமும் கருகியிருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு இருந்திருப்போம். நீ எனக்கு விட்டுத் தந்தாய், அதனால் உன் பக்கம் பச்சையாக நின்றது. அந்தப் பச்சையைக் காட்டித்தான் உன்னைக் கள்ளன் என்றேன். நீ எனக்குச் செய்த நன்மையையே உனக்கு எதிராகச் சாட்சி நிறுத்தினேன். 

எவ்வளவு படிகாரத்தால், எவ்வளவு மண்ணில் இருந்ததால், எவ்வளவு சாம்பலால் என்று பிரித்துச் சொல்லேலாது ஐயா என்று நிவேதனா சொன்னா. எனக்கு ஆறுதலுக்காகச் சொன்னா போல. எனக்குப் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. மூன்றும் நான்தான்.

நேற்று மத்தியானம் கிணற்றுக்கட்டில் சாய்ந்து கிடந்தபோது உன்னைக் கண்டேன். நீ பெரிய மணல்வெளியில் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கிறாய். குழாயில் வருகிறது நம் கிணற்றுத் தண்ணீர், எனக்கு அதன் மணம் தெரியும். உள்ளங்கையைக் காட்டு என்று கேட்கிறேன். நீ காட்டவில்லை, தண்ணீரை மற்றக் கைக்கு மாற்றுகிறாய். அன்று கற்பூரம் சுட்ட இடம் ஆறிவிட்டதா, தழும்பாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அன்றே கேட்டிருக்க வேண்டியது.

மன்னித்துக்கொள் என்று எழுத நினைத்துக் கடிதத்தைத் தொடங்கினேன். எழுதிப் பார்க்க, மிகவும் சின்னச் சொல்லாக இருக்கிறது. சங்கக்கடை வாசலில் சத்தமாகச் சொன்ன பழியைக் கடித உறைக்குள் மெதுவாகத் திருப்பி வாங்கக் கூடாது. அதற்கு வேறு செய்ய வேண்டும். செய்துவிட்டு எழுதுகிறேன்.

பிழை செய்த அண்ணன்,
மார்க்கண்டு

புத்தூர் கிழக்கு
04.03.2025

என் தம்பிக்கு,

எழுத்துக் கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். வலது உள்ளங்கையில் கொப்புளம், பேனை சரியாகப் பிடிபடவில்லை. பயப்பட ஒன்றுமில்லை.

போன வெள்ளிக்கிழமை பூசைக்குத் தோட்டக்காரர் எல்லாரும் வைரவரிடம் வரவேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அன்று சங்கக்கடையில் நான் சொன்னதைக் கேட்டவர்களில் உயிரோடு இருக்கிற ஒருவரையும் விடவில்லை. கொடிகாமத்துக்கும் போனேன். தாரிகா வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, வாறன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டன் என்றும் சொல்லவில்லை. கனகரத்தினம் ஐயாவுக்கு இப்போது கண் மங்கல். கற்பூரம் கேட்டதும், "இன்னும் ஆரைடா சுடப் போறாய்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். என்னைத்தான் ஐயா என்றேன்.

எல்லாருக்கும் முன்னால் ஒன்றும் விடாமல் சொன்னேன். படிகாரம், சேறு, நீ விட்டுத் தந்த பங்கு, சாம்பல், வேர். அலுமினியம் என்றபோது இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் முதலில் பானையைத்தான் நினைத்தேன் என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பிறகு நீ களைநாசினி அடிக்கவில்லை என்றும், உன் சத்தியம் மெய் என்றும், பொய்யன் நான்தான் என்றும் சொல்லி, எரிகிற கற்பூரத்தில் கையை வைத்தேன். சூடு இவ்வளவு என்று எனக்கு அன்றுவரை தெரியாது. நீ அன்று முகத்தைச் சுளிக்கவே இல்லை. அதையும் நான் திமிர் என்றுதானே எடுத்துக்கொண்டேன்.

கையை எடுக்கவும் பின்னாலிருந்து ஒரு குரல். "அண்ணை, கெதியாக் கையைத் தண்ணிக்குள்ளை வையுங்கோ" என்று. திரும்பிப் பார்த்தேன். தாரிகா பிள்ளையோடு நின்றாள். உன் மகன் என் உயரத்துக்கு வந்துவிட்டான். அவள்தான் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டுபோய் வாளியில் தண்ணீர் அள்ளி வைத்தாள். வெள்ளிக்கிழமை, உன் முறைத் தண்ணீர். ஆறு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் உன் தண்ணீரைத் தொட்டேன். உன் மனைவி அள்ளித் தந்ததால் தொட்டேன். நான் அழுததை அவள் உனக்குச் சொல்லியிருப்பாள், ஆகவே நான் மறைக்கவில்லை.

அந்த மாலை பனைகளுக்கு மேலால் வெயில் சாய்ந்து, தோட்டம் முழுக்கத் தேன் ஊற்றின மாதிரி இருந்தது. உன் மகன் உன் தறைக்குள் நடந்து, பூசணிக் கொடிக்குள் ஒரு காயைக் கண்டுபிடித்து இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான். உன் நடையே நடக்கிறான். குணலட்சுமி முழங்கால் நோவை மறந்து வேலிவரை போய்விட்டா. நான் கிணற்றுக்கட்டில் இருந்துகொண்டு, இது நித்திரையா முழிப்பா என்று கையைக் கல்லில் அழுத்திப் பார்த்தேன். கொப்புளம் நொந்தது, முழிப்புத்தான்.

பாத்திகளையும் கேட்பாய் என்று எழுதுகிறேன். சூளைச் சாம்பலை நிறுத்திவிட்டேன். நிவேதனா சொன்னபடி ஜிப்சமும் கூட்டெருவும் போட்டு மாசித் தூற்றலில் ஊறவிட்டேன். இரண்டு பாத்தியில் வெங்காயம் ஊன்றினேன். ஒன்று தலையை நிமிர்த்திவிட்டது. மற்றது இன்னும் யோசித்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு மூன்று வருடமாவது செல்லும், அவசரப்படக் கூடாது ஐயா என்று பிள்ளை சொல்லியிருக்கிறா. அவசரப்படாமல் இருக்க நான் இப்போதுதான் பழகுகிறேன்.

தாரிகா போகும்போது ஒன்று சொன்னாள். என் இரண்டாவது கடிதம் கிடைத்த அன்று நீ அவளுக்குத் தொலைபேசியில் எடுத்தாயாம். என்னைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லையாம். வைக்கப்போகிற நேரம், "கிணத்துக்குள்ளை செம்பு தெரியுதோ எண்டு ஆரையும் கேட்டுப் பார்" என்று மட்டும் சொன்னாயாம்.

செம்பு தெரியவில்லை தம்பி. தையோடு படிகாரத்தை நிறுத்திவிட்டேன். தண்ணீர் மெல்லக் கலங்கி, இப்போது வெளிறின பச்சையாகக் கிடக்கிறது. முகில் மட்டும் முன்னையைப் போல வந்து போகிறது. செம்பு அதற்குக் கீழே எங்கேயோ, நீ கழுவி வைத்த இடத்தில்தான் இருக்கும். நீ போன பிறகு கிணற்றை வற்ற இறைத்துச் சேறு எடுக்கவில்லை. கூலிக்கு ஆட்கள் வருகிறோம் என்றார்கள், நான் விடவில்லை. ஆறு வருடத்துப் படிகாரமும் அடியில் தயிராக உறைந்திருக்கிறது. அதை ஒரு பாத்திக்கும் போடக் கூடாது, தனியாகக் குழி வெட்டி மூட வேண்டும் என்று நிவேதனா சொன்னா.

ஆவணியில் இறைக்கலாம் என்று இருக்கிறேன். அப்போது உனக்கு லீவு கிடைக்கும் என்று உன் மகன் சொன்னான். இந்த முறை உள்ளே இறங்கப் போவது நான். அறுபது வயதில் இதென்ன கூத்து என்று உன் அண்ணி ஏசுகிறா, ஏசட்டும். நான் போட்டதை நான்தான் அள்ள வேண்டும். ஆனால் கிணற்றுக்குள் இறங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிக்க ஓர் ஆள் வேண்டும். இந்த ஊரில் எத்தனையோ பேருக்கு நல்ல கை இருக்கிறது. என் உயிரை வேறு ஒருவர் கையில் கொடுத்து இறங்க எனக்கு மனம் வரவில்லை.

வராவிட்டாலும் கோபமில்லை. செவ்வாயும் வெள்ளியும் உன்னுடையவை, நான் இருக்கும்வரை அவற்றைத் தொடமாட்டேன். எங்கே நின்றாலும் உன் வேர் நோகாமல் இருக்க வேண்டும். வைரவர் உன் கையைக் காக்கட்டும்.

கயிற்றைப் புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்,
மார்க்கண்டு